ரேலி காரில் இடது பக்கத்து இருக்கை

ரேலி ஓட்டும் தொழிலில் ஸ்டியரிங் பிடிப்பவருக்குப் பேர் கிடைக்கும், பக்கத்தில் உட்காருபவருக்கு வயிற்றுக் கலக்கம் கிடைக்கும். வீட்டுக்காரர் ஓட்டும் காரில் இடது பக்கம் உட்கார்ந்து, அங்கே இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்தி அழுத்திச் செருப்புத் தேய்ந்த சகோதரிகள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளட்டும்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்ததை ஒட்டி, மலாக்காவில் ஒரு வருஷ காலம் நான் அந்த இருக்கையில் இருந்தேன். வாரத்தில் ஐந்து நாள் தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ரேலி காரில் வழி சொல்லும் உத்தியோகம். ரேலி என்றதும் கார்கள் முட்டி மோதிக்கொண்டு பறக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மோட்டார் சங்கத்தார் காலையில் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். எந்த மைல் கல்லில் திரும்புவது, எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவது என்று அதில் இருக்கும். பிந்தினாலும் புள்ளி போகும், முந்தினாலும் போகும். ஓட்டுபவர் சாலையைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் தாளையும் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். நான் தாள், கடிகாரம், சாலை மூன்றையும் பார்த்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

துரை விட்டுப்போன கார்

எங்கள் வீட்டுக்காரர் ரப்பர் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. பன்னிரண்டு வருஷம் சைக்கிளில் வேலைக்குப் போனவர். பின்னால் துரையின் கார் ஹாரன் அடித்தால் சைக்கிளோடு புல்லில் இறங்கி நிற்க வேண்டும். அப்படி நின்று நின்றே அவருக்குக் கார்மேல் ஒரு வெறி பிடித்துவிட்டது. சுதந்திரம் வரப்போகிறது என்றதும் துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். அதில் ஒரு சின்னத்துரை தன் பழைய குட்டிக் காரை இவர் தலையில் கட்டிவிட்டுக் கப்பலேறினார்.

பச்சை நிறம், இரண்டு கதவு. இடது பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. நான் இறங்க வேண்டுமானால் இவர் சுற்றி வந்து திறந்துவிட வேண்டும். முதல் நாள் காஜா பேராங் சாலையில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று என்னை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். இடது ஓரமாக வந்த ஒரு சைக்கிள்காரர் எப்படியோ வேலியில் பாய்ந்து தப்பித்துக்கொண்டார். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்துவிட்டவர் முகமெல்லாம் பூரிப்போடு சொன்னார்: "தொரைங்க ஓட்டுன ரேலியில இனிமே நாமளும் ஓட்டப் போறோம். பக்கத்துல உக்கார ஆளு வேணும். நீ கணக்கு டீச்சர்தானே?"

பிரேக்குக்குக் கீழே எலுமிச்சம்பழம்

வண்டிக்குப் பூஜை போடாமல் ரேலிக்குப் போவதா? ஒரு வெள்ளிக்கிழமை ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனோம். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். ஐயர் ஐந்தாவதாக ஒரு பழத்துக்குக் குங்குமம் தடவி, "இது வண்டியிலேயே இருக்கட்டும்" என்று கொடுத்தார். அதைப் பக்தியோடு கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில் வைத்தேன்.

அதே தெருவில்தான் பள்ளிவாசலும் இருக்கிறது. நாங்கள் கிளம்பிய நேரம் ஜும்மா தொழுகை முடிந்து கூட்டம் தெருவில் இறங்கியது. இவர் பிரேக்கை மிதித்தார். பிரேக் இறங்கவில்லை. பலகையிலிருந்த சாமிப் பழம் உருண்டு போய் மிதிகட்டைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெள்ளைச் சட்டைகள் இரண்டு பக்கமும் விலகின. கார் ஊர்ந்துபோய் ஒரு கடைவாசல் தூணில் இடது பக்கமாக மோதி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை.

பழம் செய்த வேலை புரிந்தது. தூண் எனக்குப் புரியவில்லை. அது ஆள் உயரத்துக்கு நட்டமாக நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் வலது பக்கம் ஒடித்திருந்தால் தப்பியிருக்கலாம். இவர் ஒடிக்கவேயில்லை. கடைக்காரரான ராவுத்தர் வெளியே வந்து குனிந்து பழத்தை எடுத்து, துடைத்து, இவர் கையில் கொடுத்தார். "சாமி பழத்த சட்டைப் பையில வைங்க தம்பி. காலுக்குக் கீழ வச்சா அது என்ன செய்யும்?"

எல்லா நசுங்கலும் ஒரே பக்கம்

எங்கள் வீட்டுக்கு நாலு எட்டில் கம்போங் செட்டி என்ற குடியிருப்பு. அங்கே நடராஜா என்ற மெக்கானிக் இருந்தார். பல தலைமுறைக்கு முன்னாலேயே இங்கே வந்து குடியேறிய மலாக்கா செட்டிக்காரர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாமி கும்பிடுவதெல்லாம் நம்மைப்போலத்தான், வீட்டில் பேசுவது மலாய். நடராஜாவுக்குத் தமிழில் தெரிந்ததெல்லாம் சாமி பேர்களும் பலகாரப் பேர்களும்தான். எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. ரேலி நாட்களில் அவளை நடராஜாவின் மனைவியிடம்தான் விட்டுப்போவோம்.

தூணில் இடித்த காரை அவரிடம் கொண்டுபோனோம். இவர் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நடராஜா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், மறுபடியும் சுற்றினார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். முன் மட்கார்டில் நசுங்கல், கதவில் கீறல், பின் மட்கார்டில் இரண்டு பள்ளம். எல்லாம் இடது பக்கம். வலது பக்கம் துரை கொடுத்தபடியே பளபளவென்று இருந்தது. தன் இடது கண்ணைக் கையால் பொத்திக் காட்டி அவர் மெதுவாகச் சொன்னார்: "கிரேத்தா தா சாக்கிட். மாத்தா டியா யாங் சாக்கிட்." காருக்கு நோவில்லை, அவர் கண்ணுக்குத்தான் நோவு என்கிறார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இடது பக்கத்து இருக்கை என்னுடையது. அவருக்குத் தெரியாத பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவும் அப்பாவும் ஒரே காரில் போகிறோம், பிள்ளை அடுத்த வீட்டில் இருக்கிறது. எங்களுக்கு ஏதாவது ஆனால் அவளுக்கு யார்? வீட்டுக்கு வந்து நேராகவே கேட்டேன். இவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். நாலைந்து மாதமாக இடது கண்ணில் புகை அடித்த மாதிரி இருக்கிறதாம், தானாகச் சரியாகிவிடுமாம். டாக்டரிடம் போகலாம் என்றேன். அவர் சொன்னது இது: "ரெண்டு கண்ணு உள்ளவனெல்லாம் ஒழுங்காவா ஓட்டுறான்? நீ பக்கத்துல இருக்கல்ல, அது போதும்."

மரியாதையாகப் பேசி வாய்க்காலில் விழுந்தது

நான் ஏறமாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லிப் பார்த்தேன். தன் ஆபீஸ் பையன் ஒருவனை ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். அவனுக்கு இந்தக் கண் விவரம் தெரியாது. நான் உட்கார்ந்தாலாவது இடது பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும் என்று ஏறினேன்.

ஆனால் என்னிடம் ஒரு கோளாறு இருந்தது. புருஷனை ஏவிப் பழக்கமில்லை. "திருப்பு", "நிறுத்து" என்று ஒரு சொல்லில் சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. முதல் ரேலியில் புக்கிட் ரம்பாய் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். சாலை ஓரத்து வாய்க்கால் நெருங்கி நெருங்கி வந்தது. நான் தொடங்கினேன்: "என்னங்க, உங்களுக்குச் சிரமமில்லன்னா, கொஞ்சம் வலது பக்கமா போனா நல்லாருக்கும்னு..." "நல்லாருக்கும்" வரும்போது முன்சக்கரம் வாய்க்காலில் இருந்தது. கார் என் பக்கமாகச் சாய்ந்தது. கதவு உள்ளேயிருந்து திறக்காது என்பது ஞாபகம் வந்ததும் தண்ணீரைப் பார்த்துக் கத்திவிட்டேன். முழங்கால் ஆழம்தான். அந்த நேரத்தில் அதை யார் அளந்து பார்த்தார்கள்?

கிராமத்து மலாய்க்காரர்கள் ஆறு பேர் தூக்கிவிட்டார்கள். அடுத்த முறை பள்ளிக்கூடத்திலிருந்து என் அடிக்கோலை எடுத்துவந்தேன். பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் வலது பக்கம் ஒதுங்க வேண்டும், இரண்டு தட்டினால் பிரேக். வாயைத் திறக்காமலே புருஷனை ஏவலாம், மரியாதையும் குறையாது. இவருக்கும் சம்மதம். ஒரே ஒரு முறைதான் குறைப்பட்டுக்கொண்டார்: "தட்டு, வேணாங்கல. ஆனா நாலாங்கிளாஸ் புள்ளய பாக்குற மாதிரி பாக்காத."

ஓட்டுபவர் பேர் என்ன?

இரண்டாவது ரேலியில் ஜாசின் போகிற வழியில் ஒரு சீனர் கடை வாசல்தான் நேரம் பதிகிற சாவடி. காரில் கொதித்த தண்ணீருக்குப் பதில் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று இவர் வாளியோடு கடைக்குப் பின்னால் போய்விட்டார். பென்சிலும் அட்டையுமாக ஒரு வெள்ளைக்கார இளைஞர் என் ஜன்னலுக்கு வந்து இங்கிலீஷில் கேட்டார், ஓட்டுபவர் பேர் என்ன என்று.

நான் எப்படிச் சொல்வேன்? கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேரை என் வாய் சொன்னதில்லை. வீட்டுக்காரர் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். படித்தவள்தான், டீச்சர்தான், மற்ற இடமாயிருந்தால் ஒருவேளை துணிந்திருப்பேன். அந்தக் காரில், அந்தக் கண்ணோடு, அவர் ஆயுசை நான் வேறு குறைக்க வேண்டுமா? கடிகார முள் ஓடுகிறது. எழுதித் தருகிறேன் என்று கை நீட்டினேன். அட்டையில் தான் மட்டும்தான் எழுதலாம் என்றார். இறங்கிப் போய் இவரைக் கூப்பிடலாமென்றால் கதவு திறக்காது, அந்த இளைஞர் முன்னால் மறு பக்கமாகத் தவழ்ந்து இறங்கவும் கூச்சம். கடைசியில், பழனி மலையில் இருக்கும் சாமியின் பேர் என்று இங்கிலீஷில் சொல்லிவைத்தேன். இளைஞர் நிம்மதியாக எதையோ எழுதிக்கொண்டார். இரண்டு நிமிஷம் போயிற்று, அதற்கான புள்ளியும் போயிற்று.

மறுநாள் சங்கத்துச் சுவரில் முடிவு ஒட்டியிருந்தது. இவர் மூக்கு உரசும்படி நெருங்கி நின்று, வலது கண்ணால் மேலிருந்து கீழே மூன்று தரம் படித்தார். பதினேழாவது இடத்தில் எங்கள் கார் எண் இருந்தது. பக்கத்தில் மிஸ்டர் பழனி என்று போட்டிருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "என் காடிய ஓட்டுன அந்தப் பழனி யாரு?"

புளிச்சோறு

மூன்றாவது ரேலி ஜொகூர் எல்லையைத் தாண்டிப் போகிறது என்றார்கள். வழியில் கார் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் நாலு பேர் சாப்பிடும் அளவுக்குப் புளிச்சோறு கிளறி, வாழையிலையில் கட்டி, இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அவசரகாலம் அப்போது முடியவில்லை. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று சில வட்டாரங்களுக்குள் சோறு கொண்டுபோகத் தடை இருந்தது. மலாக்காவில் கட்டுப்பாடு நீங்கி வெகு நாளாகிவிட்டதால் எங்களுக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. வேறு ஊர்க்காரர் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள்.

எல்லையில் முள்கம்பித் தடுப்புப் போட்டிருந்தார்கள். துப்பாக்கியோடு ஒரு மலாய்க்காரப் போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். புளிச்சோற்று வாசனையை மறைக்கவா முடியும்? பொட்டலம் வெளியே வந்தது. எத்தனை வருஷம் உள்ளே வைப்பார்கள் என்று நான் மனதில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். மகள் முகம் கண்ணில் வந்து நின்றது. இவர் மலாயில் ரேலி என்கிறார், சாமிப் பிரசாதம் என்கிறார், மனைவி டீச்சர் என்கிறார். போலீஸ்காரர் என் கையிலிருந்த அடிக்கோலையும் வழித்தாளையும் பார்த்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். பிறகு பொட்டலத்தைப் பிரித்துக் காரின் மூடிமேல் வைத்துவிட்டு உத்தரவு போட்டார்: "ஹாபிஸ் டூலு, பாரு ஜாலான்."

முதலில் தின்று தீர்க்க வேண்டும், அப்புறம்தான் போகலாம். துப்பாக்கி நிழலில் நின்றுகொண்டு நாலு பேர் சோற்றை இரண்டு பேர் விழுங்கினோம். தண்ணீர் ஊற்றி ஊற்றி இறக்கினேன். மற்ற கார்கள் ஒவ்வொன்றாகத் தடுப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. கடைசிக் கவளத்தை வாயில் போட்ட பிறகு இவர் இலையை மடித்துக்கொண்டே முணுமுணுத்தார்: "உப்பு கொஞ்சம் கம்மி."

பால் வாளி

நான்காவது ரேலியைப் பற்றி எழுதக் கை வரவில்லை. எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் வெறும் தமாஷாகப் போய்விடும்.

ஒரு தோட்டத்துச் செம்மண் சாலை. இரண்டு பக்கமும் ரப்பர் மரம், தரையெல்லாம் வெயிலும் நிழலும் துண்டு துண்டாகக் கிடந்தன. நாங்கள் நாலு நிமிஷம் பிந்தியிருந்தோம். அதைப் பிடிக்க எத்தனை மைல் வேகத்தில் போக வேண்டும் என்று இவர் கேட்டார். நான் தாளில் கணக்குப் போட்டேன். அந்த ஒரு கணக்குக்காகக் குனிந்தேன். நிமிர்ந்தபோது காருக்கு முன்னால், இடது ஓரத்தில், தோள் கழியில் இரண்டு ரப்பர் பால் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். அடிக்கோல் காலடியில் கிடந்தது. வாயில் சொல் வரவில்லை. இருக்கைகளுக்கு நடுவில் இருந்த கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். கார் பக்கவாட்டில் வழுக்கி ஒரு வாளியை அடித்துத் தள்ளிவிட்டு நின்றது. அவள் மறு பக்கமாகப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து மரம் மரமாக அவள் சேர்த்த பால் செம்மண்ணில் வெள்ளையாக ஓடியது.

இவர் சுற்றி வந்து என் கதவைத் திறக்கவில்லை. முதலில் அவளிடம் ஓடினார். நான் ஓட்டுபவர் பக்கமாகத் தவழ்ந்து இறங்கிப் போனேன். அடி ஒன்றும் இல்லை, முழங்கையில் சிராய்ப்புத்தான். இவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஆளு இருந்ததே எனக்குத் தெரியலம்மா, சத்தியமா தெரியல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இத்தனை மாதமாக நான் பயந்ததெல்லாம் என் உயிருக்கு, அவர் உயிருக்கு, என் பிள்ளைக்கு. அந்தப் பெண்ணுக்காக நான் ஒரு நாளும் பயந்ததில்லை. அதை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, காலி வாளியை நிமிர்த்தி வைத்தாள். சண்டை போடவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்: "ஒங்களுக்கு இது வெளையாட்டு. எனக்கு இது தெனம் நடக்குற பாதை."

டாக்டரின் விரல்கள்

அந்த ரேலியை நாங்கள் முடிக்கவில்லை. மறுநாள் நான் பள்ளிக்கு லீவு சொல்லி இவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எதிர்ப்பேச்சு இல்லாமல் வந்தார். டாக்டர் ஓர் இந்தியர், அதிகம் பேசாதவர். இவருடைய வலது கண்ணை அட்டையால் மூடிவிட்டு, விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். இவர் இரண்டு என்றார். அப்புறம் எத்தனை என்றார் டாக்டர். மூன்று என்றார் இவர். இப்போது? இவர் கொஞ்சம் யோசித்து, நம்பிக்கையாக இரண்டு என்றார்.

டாக்டர் முதல் கேள்விக்குப் பிறகே கையைக் கீழே இறக்கிவிட்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூணும் வாய்க்காலும் எல்லை தாண்டி ஓடிய மைல்களும் எல்லாம் சேர்ந்து அந்த நாற்காலியில் என்னைப் பிடித்து உலுக்கின. இடது கண் திரும்ப வராது, இருக்கிற வலது கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள மருந்து தருகிறேன் என்றார் டாக்டர். எழுதிக்கொண்டே எதில் வந்தீர்கள் என்று விசாரித்தார். காரில் என்றேன். யார் ஓட்டியது என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சாவிய அம்மாகிட்ட குடுங்க. போகும்போது பஸ்ஸில போங்க."

குருபோங் சாலையில் பாடம்

நடராஜா போய்க் காரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது வாசலில் நின்றது. இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழுவித் துடைப்பார், பிறகு சாவியைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிடுவார். வேலைக்கு மறுபடியும் நடந்து போனார், சைக்கிள்கூட எடுக்கவில்லை. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஒரு நாள் சாவியை எடுத்துக்கொண்டு, எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்றேன்.

குருபோங் பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு சாலையில் பாடம். பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுவது பெரிய பயம் என்று அதுவரை எண்ணியிருந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகு ஒவ்வொரு கோழியும் எனக்கு எமனாகத் தெரிந்தது. சாலையோரத்தில் ஒரு கைலி அசைந்தால் காலெல்லாம் பிரேக்குக்குப் போய்விடும். இரண்டு மாதம் கழித்து லைசென்ஸ் சோதனைக்குப் போனேன். தாடி வைத்த ஒரு பஞ்சாபி அதிகாரி பக்கத்தில் அமர்ந்தார். மலாக்கா நகரத்தைச் சுற்றி நான் ஓட்டி முடிப்பதற்குள் அவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். இறங்கும்போது இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார்: "யாரையோ கொன்றுவிடப் போகிறவர் மாதிரி பயந்து பயந்து ஓட்டுகிறீர்கள். அதற்காகவே பாஸ்."

இடம் மாறிய பிறகு

அதற்கடுத்த ரேலிக்கு நாங்கள் பேர் கொடுத்தோம். நான் ஓட்டுபவள், இவர் வழி சொல்பவர். திடலில் கார்கள் வரிசையாக நின்றபோது நான் பிரேக்கை மூன்று தரம் மிதித்துப் பார்த்துக்கொண்டேன். இவர் நிலைமை அதைவிட மோசம். தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கிளம்பிய முதல் மைலிலேயே அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கைத் தேட ஆரம்பித்துவிட்டது. மரியாதை கிரியாதை ஒன்றும் இல்லை, வாய் ஓயாமல் "மெதுவா, மெதுவா, அங்க பாரு, நிறுத்து" என்று வந்தார். இடது பக்கம் உட்கார்ந்ததால் அவருக்கு வாய்க்கால் தெரியாது, தெரிந்ததெல்லாம் என் முகமும் சாலையின் நடுவும்தான். என் முகத்தைப் பார்த்தே அவர் பாதி செத்திருப்பார்.

அன்றும் பாதை ஒரு தோட்டத்துக்குள் போனது. வேறு தோட்டம்தான். பால் எடுத்து முடித்து ஆட்கள் வரிசையாகப் பால் நிறுக்கும் ஸ்டோருக்கு நடந்து வரும் நேரம். மற்ற கார்கள் ஹாரன் அடித்தன. ஆட்கள் வாளியோடு புல்லில் இறங்கி இறங்கி நின்றார்கள். இவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றேன். இவர் கடிகாரத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். கடைசி ஆள் எங்களைத் தாண்டிப் போன பிறகுதான் மறுபடியும் இன்ஜினைக் கிளப்பினேன்.

முடிவிடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மேசையை மடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கடைசி நாங்கள். சங்கத்து அதிகாரி அட்டையைப் புரட்டிப் பார்த்து, வண்டி கெட்டுப்போயிற்றா, வழி தப்பிற்றா, இருபத்தாறு நிமிஷம் எங்கே போயிற்று என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முன்னால் போய் நின்று பதில் சொன்னார்: "ரோட்டுல ஆளுங்க இருந்தாங்க, சார்."

குட்டிக் கார் ஒன்று வாங்கி ரேலிக்குப் போகலாமா என்று யோசிக்கிற சகோதரிகளே, ஒரு வருஷ அனுபவத்தில் எனக்குத் தெரிந்தது, இந்தத் தொழிலில் பயம் நம்மை விட்டு எங்கேயும் போவதில்லை, இருக்கையை மட்டும்தான் மாற்றிக்கொள்கிறது என்பதுதான்.